ரோதமுனி இருந்த இடத்தில் அனுமார் சிலை வைக்கலாமா?

லயத்துக்காரன் (சனி, இரவு 8.10)

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்பக்கம், பழைய தண்ணீர் ரோதை ஓடிய குழிக்கு மேலே ஒரு கல் இருக்கிறது. அதுதான் ரோதமுனி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோதை என்றால் மெஷின் சக்கரம். கொழுந்து அரைக்கும்போது கை, விரல் போகாமல் காப்பாற்றுகிற சாமி. மாடசாமி, மதுரைவீரன் போல இந்தியாவிலிருந்து தலைச்சுமையோடு வந்தவர் கிடையாது, இங்கேயே பிறந்தவர். மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கவ்வாத்துசாமி இருப்பது மாதிரி ஸ்டோர்க்காரர்களுக்கு இவர். வெற்றிலை, சுருட்டு, வருடம் ஒரு சேவல், அவ்வளவுதான் அவருடைய செலவு.

ஸ்டோர் மூடிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. போன மாதம் கோயில் கமிட்டி கூடி அந்த இடத்தில் 12 அடி ஆஞ்சநேயர் சிலை வைப்பதாக முடிவெடுத்திருக்கிறார்கள். காசு தருகிறவர் ஓர் அரசியல்வாதி. பெயர் வேண்டாம், எல்லாத் தோட்டத்துக்கும் ஒருவர் இருக்கிறார். சீதை எலியவில் இருக்கிற சீதை கோயிலுக்குப் போகிற இந்திய டூரிஸ்ட் பஸ் நம் பக்கமும் திரும்பும், கடை போடலாம் என்கிறார்கள்.

கடை போடட்டும். என்னை உறுத்துவது வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவரும் சொல்லாத கதையை இப்போது லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அனுமார் பறந்து வந்தபோது இந்தப் பாறையில்தான் காலை ஊன்றினாராம், அந்தக் குழிதான் பாதமாம். அந்தக் குழியில் என் அம்மாச்சி மஞ்சள் அரைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கேட்கிறேன்: நம் சனம் எதை நம்ப வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? சாமியா, சனமா, இல்லை மாலையோடு மேடையில் இருப்பவரா?


மஸ்கெலியா மைந்தன் (சனி, இரவு 8.47)

தம்பி, அனுமார் வந்தால் உங்களுக்கு என்ன நட்டம்? சுருட்டும் சேவலும் வைத்துக் கும்பிட்டோம், அதைப் பார்த்துத்தான் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நம்மைத் தோட்டக்காட்டான் என்றார்கள். நமக்கும் கோபுரம் வேண்டும், ஐயர் வந்து கும்பாபிஷேகம் செய்ய வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைப் பாருங்கள். 83 கலவரத்தில் தாக்கப்பட்ட கோயில். இன்று 108 அடிக் கோபுரம். மாசி மகத்துக்கு ஐந்து தேரும் தெருவில் வரும்போது சிங்களச் சனமும் ஒதுங்கி நின்று கும்பிடுகிறது. அந்த மரியாதையை ஸ்டோர் பின்னால் இருக்கிற கல்லை வைத்து வாங்க முடியுமா?

நம்பிக்கை முதலில் சனத்திடம்தான் இருக்கிறது. அரசியல்வாதி பின்னால் வந்து தேங்காய் உடைக்கிறார். கூட்டம் இல்லாத இடத்துக்கு அவர் ஏன் வரப் போகிறார்?


டீக்கடை (சனி, இரவு 8.52)

12 அடி போதாது. றம்பொடையில் 18 அடி நிற்கிறது. போட்டி என்று வந்துவிட்டால் 20 போடுங்கள்.


நானுஓயா வேன் (சனி, இரவு 9.30)

நான் இந்த ரோட்டில் ராமாயண டூர் ஓட்டுகிறவன், அதனால் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது.

றம்பொடை என்பது ராமன் படை என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வேன். சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோயிலில் இறக்கிவிடுவேன். அப்புறம் சீதை எலிய, ஆற்றோரப் பாறையில் இருக்கிற குழிகள், ஹக்கலையில் கறுப்பு மண். வால் தீயில் கருகிய மண் என்றதும் டிஷ்யூவில் மடித்து எடுத்துக்கொள்வார்கள். ஹக்கல பூந்தோட்டத்தை 1861இல் சிங்கோனா வளர்க்க வெள்ளைக்காரன் தொடங்கினான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அசோகவனம் என்று நான் சொன்னதும் குஜராத்திலிருந்து வந்த கிழவி ஒருத்தி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சொன்ன கதை எப்படியோ, அந்த அழுகையில் நடிப்பு இல்லை. வெலிமடைப் பக்கம் திவுரும்பொலவில் சீதை தீக்குளித்தாள் என்போம். அது ஒரு பன்சலை, அதாவது பௌத்த விகாரை வளவு. திவுரும் என்றால் சிங்களத்தில் சத்தியம். அங்கே போய்ச் சத்தியம் செய்கிற சிங்களவருக்கும் அது சக்தியான இடம்.

இன்னொன்று. சீதை எலியவை டூரிஸ்ட் போர்ட் கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள். என் அப்பத்தா காலத்திலேயே தோட்டத்துச் சனம் அங்கே விளக்குப் போட்டது. சின்னக் கோயில், தகரக் கூரை. பெரிதானதுதான் பிற்பாடு. 2024 மே 19 கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீரே வந்தது. அன்றைக்கு எங்கள் வேன்களுக்கு நிறுத்த இடம் கிடைக்கவில்லை.


லயத்துக்காரன் (சனி, இரவு 10.05)

வேன் அண்ணே, நீங்களே என் வேலையைச் செய்துவிட்டீர்கள். மே 19. அந்த வருடம் ஜனவரி 22இல் அயோத்தியில் ராமர் கோயில் திறப்பு. மே மாதம் இந்தியாவில் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. அயோத்தி இருக்கிற பைசாபாத் தொகுதியில் வாக்களிப்பு எப்போது தெரியுமா? மே 20. நம் மலையில் சரயு தண்ணீர் ஊற்றிய மறுநாள். அந்தத் தண்ணீர் நம் மலைக்குச் சும்மாவா வந்தது?


மஸ்கெலியா மைந்தன் (சனி, இரவு 10.21)

முழுக் கதையையும் சொல்லுங்கள் தம்பி. அந்தப் பைசாபாத்தில் ராமர் கோயில் கட்டிய கட்சி தோற்றது. கோயில் வாசலில் வாழ்கிற சனம் காலையில் ராமரைக் கும்பிட்டுவிட்டுப் போய் மற்றக் கட்சிக்கு ஓட்டுப் போட்டது. சாமி வேறு, ஓட்டு வேறு என்று அவர்களுக்குத் தெரிகிறது. நம் சனத்துக்கு மட்டும் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தேர்தலுக்குத் தகரம் கொடுத்தவனிடம் தகரத்தை வாங்கிக்கொண்டு ஓட்டை இஷ்டத்துக்குப் போட்டவர்கள்தானே நாம்.


டீக்கடை (சனி, இரவு 10.24)

இது கோல்.


கண்டிச்சீமை (ஞாயிறு, காலை 6.40)

இரண்டு தம்பிமாரும் ராமரோடு நின்றுவிட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் ராவணனுக்கு நடப்பதையும் பாருங்கள். நான் படிப்பித்த காலத்தில் ராவணன் சிங்களவர் என்று ஒரு சிங்கள ஆசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. ராவணன் பேரில் ஊர்க்கதைகள் அவர்களிடமும் இருந்தன, அது வேறு. ஆனால் அவர்களுடைய சரித்திரத்துக்கு ஆதாரமான மகாவம்சம் புத்தரின் வருகையையும் விஜயனையும் சொல்கிறது, ராவணனைச் சொல்லவில்லை. இன்று என்ன நடக்கிறது? ராவண பலய என்று பிக்குமார் தலைமையில் ஓர் அமைப்பு. 2019இல் இலங்கை அனுப்பிய முதல் செய்மதிக்கு ராவணா 1 என்று பெயர். 2020இல் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பத்திரிகையில் விளம்பரமே போட்டது: ராவணனின் விமானம் பற்றிய நூல், ஏடு இருந்தால் கொண்டுவந்து தாருங்கள் என்று. விமானம் ஓட்ட லைசன்ஸ் கொடுக்கிற அரச நிறுவனம்! நம் ஆட்கள் சும்மா இருந்தார்களா? ராவணன் தமிழன், சிவபக்தன் என்று இவர்களும் கிளம்பினார்கள். மகியங்கனைப் பக்கம் வெரகன்தொட்டையில் விமானம் இறங்கியது என்று அவர்கள் போர்டு போட்டால், இங்கே அனுமார் கால் வைத்தார் என்று நாம் போர்டு போடுகிறோம். வால்மீகி லங்காபுரியைத் திரிகூட மலை உச்சியில் வைத்தார். அது எந்த மலை என்பதை வேன்காரத் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் லயத்துக்காரன் நினைப்பது போல இதெல்லாம் நேற்று வந்த நோய் கிடையாது. சிவனொளிபாதமலைக்கே வாருங்கள். உச்சியில் இருப்பது ஒரே ஒரு பாதம். சைவனுக்குச் சிவன், பௌத்தனுக்குப் புத்தர், முஸ்லிமுக்கு ஆதம், கிறிஸ்தவரில் சிலருக்குப் புனித தோமையார். 1344இல் இபுன் பதூதா ஏறினார். 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை முதலாம் ராஜசிங்கன் சைவத்துக்கு மாறி மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான் என்று சிங்கள வரலாற்று நூல்களே சொல்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைத் திரும்பப் பிக்குமாரிடம் கொடுத்தான். கொடுத்தவன் யார்? நாயக்கர் வம்சம், மதுரைப் பக்கத்துச் சொந்தக்காரன். திருநீறு பூசுகிறான் என்று பிரதானிகள் முணுமுணுத்து 1760இல் அவனைக் கொல்லச் சதியும் செய்தார்கள். தப்பித்தவன் முன்னிலும் தீவிரமான பௌத்த அரசனாக நடந்துகொண்டான். கண்டிப் பெரஹராவில் அதுவரை நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலம்தான் நடந்தது. தலதாவை, அதாவது புத்தரின் பல்லை, முன்னால் வைத்தது அவன் காலத்தில். இன்று பெரஹரா என்றாலே தலதாதான் என்று உலகம் நம்புகிறது. சிம்மாசனத்துக்குப் பயந்த ஓர் அரசன் 250 வருடத்துக்கு முன் செய்த ஏற்பாடு அது.

ஆகவே மேடையில் இருப்பவர் நம்பிக்கையை மாற்றுவார், எப்போதும் மாற்றியிருக்கிறார். அடுத்து ரோதமுனி. தம்பிக்குக் கோபம் வரும், பரவாயில்லை. தோட்டத்தை நடத்திய துரைக்கு ரோதமுனி எவ்வளவு உதவினார் என்று யோசித்தீர்களா? மெஷினுக்கு வேலி போடாதவன் துரை. கை போனால் முனிக்குக் கோபம் என்றது சனம். துரைக்கு இதைவிட மலிவான கணக்கப்பிள்ளை கிடைப்பானா? சேவலுக்குக் காசும் திருவிழாவுக்கு லீவும் துரை கொடுத்தது பக்தியிலா? தோட்டங்களில் மாரியம்மன் கோயில் கட்டியவர்களில் பெரும்பாலானோர் ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய பெரிய கங்காணிகள். கடன் சீட்டான துண்டைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்த அதே கங்காணிகள்.


லயத்துக்காரன் (ஞாயிறு, காலை 9.15)

சேர், கோபம் வரவில்லை. காலையிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் தாத்தாவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். ரோலரில் போனது. அவர் துரையைத் திட்டி நான் கேட்டதில்லை, முனியையும் திட்டியதில்லை. அந்த வருடம் பாட்டிக்குப் பிள்ளைப்பேறு, காசு இல்லை, சேவல் கொடுக்கவில்லை. கடைசி வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் எனக்கு அது பக்திக் கதையாகத்தான் தெரிந்தது.

அப்படியிருந்தும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, விட மாட்டேன். ரோதமுனியைத் துரை பயன்படுத்தியிருக்கலாம், ஆனால் உண்டாக்கியது அவன் இல்லை. மெஷின் பக்கத்தில் நின்றவனின் பயம் உண்டாக்கியது. இந்த 12 அடி அனுமாரை நம் பயமும் கேட்கவில்லை, நம் ஆசையும் கேட்கவில்லை. எஸ்டிமேட்டில் இருந்து பிறக்கிறார்.


மஸ்கெலியா மைந்தன் (ஞாயிறு, காலை 9.40)

பயத்தில் பிறந்தால் நல்ல சாமி, எஸ்டிமேட்டில் பிறந்தால் கெட்ட சாமியா? தஞ்சாவூர்க் கோயிலும் எஸ்டிமேட்டில்தான் பிறந்தது தம்பி.


கொழுந்துக்கூடை (ஞாயிறு, பகல் 12.30)

ஆம்பளைகள் பேசி முடித்துவிட்டீர்களா? சமைத்துவிட்டு இப்போதுதான் வருகிறேன்.

ஒன்று. கமிட்டி முடிவெடுத்தது என்று எழுதினீர்களே, அந்தக் கமிட்டியில் எத்தனை பெண்கள்? எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. கோயிலுக்குச் சம்பளத்தில் பிடிப்பது யார் பேரில்? கொழுந்து எடுக்கிறவள் பேரில். என் அம்மா 31 வருடம் கோயில் காசும் சங்கச் சந்தாவும் கட்டினாள். ஒரு நாள் கூட நிர்வாக சபை அறைக்குள் போனதில்லை. திருவிழாவில் பால்குடம் தூக்க மட்டும் நாங்கள் வேண்டும். கும்பத்துக்கு மேலே பறக்கிறது யாருடைய பெயர் போட்ட பேனர்?

இரண்டு. ரோதமுனிக்குப் பூசை வைத்தது எந்த வீட்டார் என்று லயத்துக்காரன் அண்ணன் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் முனியாண்டிக்குப் பூசை வைத்தவர் பணிய லயத்துத் தாத்தா. அவருக்கு மந்திரம் தெரியாது, அழுதுதான் கூப்பிடுவார். கோயிலைப் பெரிதாகக் கட்டி ஐயரை வரவழைத்த வருடம் அவரை வாசலில் நிற்கச் சொன்னார்கள். எந்தச் சாதி என்று யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கத் தேவையும் இருக்கவில்லை. மஸ்கெலியா அண்ணன் சொல்கிற மரியாதை வந்தது, உண்மைதான். மேல் லயத்துக்கு வந்தது.

மூன்று. அதற்காக அம்மா அந்தப் புதுக் கோயிலை வெறுக்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள். மழைக்காலத்தில் மலை சரிந்து விடுமோ என்று லயமே நடுங்கிய இரவில் எல்லோரும் ஏறிப் படுத்தது அந்தக் கோயில் மண்டபத்தில்தான். மீரியபெத்த மண்சரிவு நடந்த 2014க்குப் பிறகு எங்கள் பக்கம் மழை பெய்தால் யாரும் காம்பராவில் நிம்மதியாகத் தூங்குவதில்லை. கொங்கிரீட் போட்டவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு அவருக்குப் புண்ணியம் என்றாள்.


டீக்கடை (ஞாயிறு, பகல் 12.41)

அக்கா வந்ததும் எல்லோரும் கப்சிப்.


மஸ்கெலியா மைந்தன் (ஞாயிறு, பிற்பகல் 2.05)

தங்கச்சி சொன்ன முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. எங்கள் சபையிலும் பெண்கள் இல்லை.

ஆனால் அரசியலும் சாமியும் சேர்ந்தால் சனத்துக்கு நட்டம் என்ற பேச்சுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இங்கே என்று ஆட்டைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். என் பெரியப்பா அப்படிப் போனவர்தான், கப்பல் ஏறிய பிறகு முகம் பார்க்கவில்லை. இருபது வருடம் கழிந்தும் இங்கே நாடற்றவர்கள் மிச்சம் இருந்தார்கள். 1986 தைப்பொங்கலன்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கினார். வேலைநிறுத்தம் என்று பெயர் வைத்தால் பொலிஸ் வரும். வேலை நேரத்தில் கோயிலில் உட்கார்ந்து கும்பிடுகிறவனை என்ன செய்வது? தேவாரம் பாடினோம், அம்மன் தாலாட்டுப் பாடினோம். நான் அப்போது பொடியன், சுண்டலுக்காகப் போனேன். அதே வருடம் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் 1940இல் பொலிஸ் சூட்டில் செத்தார். 86இல் ஒரு சூடு இல்லை. சாமியைக் கையில் எடுத்த அரசியல்தான் அது.


கண்டிச்சீமை (ஞாயிறு, பிற்பகல் 3.10)

நல்ல உதாரணம், மறுக்க மாட்டேன். ஆனால் சட்டம் தாலாட்டுக்கு மட்டும் இரங்கி வரவில்லை. வடக்கில் யுத்தம், டில்லியின் நெருக்கடி. தோட்டமும் கொதித்தால் தாங்காது என்று ஜனாதிபதி ஜே.ஆருக்குத் தெரியும். பிரார்த்தனை தட்டிய நேரம் சரியான நேரம்.


லயத்துக்காரன் (ஞாயிறு, பிற்பகல் 3.30)

86ஐ நான் ஏற்கிறேன். ஒரு கேள்வி மட்டும். அன்றைக்குக் கோயிலில் உட்கார்ந்தவர்கள் தங்களுக்காகக் கேட்டார்கள். இன்றைக்கு அதே தோட்டங்களில் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்ற வாக்குறுதியும் கும்பாபிஷேக மேடையிலிருந்துதான் வருகிறது. ஆயிரம் ரூபா, ஆயிரம் ரூபா என்று 2015இலிருந்து கேட்டது 2021இல்தான் கிடைத்தது. இடையில் எத்தனை கோயிலுக்குக் கலசம் ஏறியது என்று எண்ணினால் தெரியும் எது சுலபம் என்று.


அக்குறணைக்காரன் (ஞாயிறு, இரவு 7.50)

நான் வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன். சிலை வந்தால் நம்பிக்கை மாறுமா என்று கேட்கிறீர்கள். சிலை வர மாதம் ஆகும். ஒரு நம்பிக்கை ஒரு வாரத்தில் எவ்வளவு வளரும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சிங்களவருக்கு மலட்டு மாத்திரை போட்டுக் கொடுத்தார்கள் என்று வீடியோ ஓடியது. கறியில் கிடந்தது மாவுக் கட்டி. அரச பகுப்பாய்வாளரே பிறகு அதைத்தான் சொன்னார். அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. ஆனால் பேஸ்புக்கில் அது வளர்ந்துகொண்டே இருந்தது. மார்ச் முதல் வாரம் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி இறந்தார், அதன் பிறகு கண்டிப் பக்கத்துத் திகன எரிந்தது. தீயில் எங்கள் பிள்ளை ஒருவர் மூச்சுத் திணறிச் செத்தார். மார்ச் 6 அவசரகாலச் சட்டம், அடுத்த நாள் பேஸ்புக்கையே முடக்கினார்கள். 2020இல் அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பு என்னத்துக்கு?

அதே 2020. கொவிட்டில் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று அரசாங்கம் சொன்னது. புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாள் ஆன குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை அதுதான். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஆனால் முஸ்லிம் மையித்துத் தண்ணீரைக் கெடுக்கும் என்று அந்த வருடம் நம்பிய என் பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் நம்புகிறார். நல்ல மனிதர். பெருநாளுக்கு வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிடுகிறவர்.

கூட்டம் இல்லாத இடத்துக்கு அரசியல்வாதி வர மாட்டார் என்று மஸ்கெலியா அண்ணன் எழுதினார். நாங்கள் கண்ட மட்டில் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டும் வருவார்.


டீக்கடை (ஞாயிறு, இரவு 8.02)

அதே 2020 கடைசியில் கேகாலைப் பாணி மருந்து. காளியம்மன் கனவில் சொன்ன மருந்து, தேனும் சாதிக்காயும், ஒரு சொட்டில் கொரோனா ஓடும் என்றார்கள். சுகாதார அமைச்சரே டிவி முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று. சிரிக்கலாம்தான், ஆனால் என் மாமா அந்தக் கியூவில் விடியற்காலையிலிருந்து நின்றவர். எத்தனை நாளைக்கு நான் அவரைக் கிண்டல் செய்தேன்! மனுசன் ஒரு பதில்தான் சொன்னார்: மந்திரியே குடிக்கும்போது நான் யார்?


நானுஓயா வேன் (ஞாயிறு, இரவு 8.20)

மந்திரியே குடிக்கும்போது நான் யார் என்பதுதான் இந்த நாட்டின் பஞ்சசீலம். என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். அரசாங்கப் போர்டு இருக்கிற இடத்தில் நான் விளக்கமே சொல்லத் தேவையில்லை. போர்டு இல்லாத இடத்தில்தான், சேர் ஆதாரம் என்ன என்று கேட்பார்கள்.


மஸ்கெலியா மைந்தன் (ஞாயிறு, இரவு 9.15)

அக்குறணைத் தம்பிக்கு.

மாத்திரை வீடியோ எனக்கும் வந்தது. எங்கள் கோயில் இளைஞர் மன்றத்து வட்ஸ்அப் குரூப்பில் போட்டது நான்தான். கவனமாக இருங்கள் என்று மேலே ஒரு வரியும் சேர்த்தேன். குரூப்பில் 140 பேர். திகன எரிந்த பிறகு அழித்தேன், ஆனால் அதற்குள் எவ்வளவு தூரம் போனதோ. 83இல் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இப்படி ஒரு கதையைக் கேட்டுவிட்டு வந்த கூட்டம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்.

அனுமார் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன்.


அக்குறணைக்காரன் (ஞாயிறு, இரவு 9.31)

வாசித்தேன் அண்ணே.


கொழுந்துக்கூடை (ஞாயிறு, இரவு 9.50)

லயத்துக்காரன் அண்ணன், கமிட்டியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். சிலைக்கு எஸ்டிமேட் எவ்வளவு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மடுவத்துக்கு எவ்வளவு? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் வைத்துப் பெண்கள் முன்னால் கேளுங்கள். அறைக்குள் கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.


லயத்துக்காரன் (பதினாறு நாள் கழித்து, மாலை 6.25)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரட்டுக்களத்தில் கேட்டேன். டீ கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் கேட்டது நான் மட்டும் இல்லை, என் சித்தியும் இன்னும் நாலைந்து பேரும் மடுவக் கூரை ஒழுகுகிறது என்று கத்தினார்கள். மடுவத்துக்குத் தகரம் வருகிறது, தனியாக. சிலையும் வருகிறது. ஆனால் ஸ்டோர் பக்கம் இல்லை. டூரிஸ்ட் பஸ் எங்கள் தோட்டத்து வளைவில் திரும்பாது என்று ஒரு டிரைவர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். மெயின் ரோட்டுச் சந்தியில் வைக்கிறார்கள். அனுமாரைத் தடுத்தது என் வாதம் இல்லை, ரோட்டின் அகலம்.

ரோதமுனி அங்கேயேதான். யாரோ மஞ்சள் எனாமல் பெயின்ட் அடித்து, ஸ்ரீ ரோத முனீஸ்வரர் ஆலயம் என்று தகரப் பலகை மாட்டியிருக்கிறார்கள். கீழே உபயம், அதே பெயர். ஆக மஸ்கெலியா அண்ணன் கேட்ட மரியாதையும் முனிக்கு வந்துவிட்டது.

நேற்று அந்தப் பக்கம் போனபோது என் அக்கா மகள், வயது எட்டு, கூட்டாளிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அனுமார் லங்கையை எரித்துவிட்டுப் பறந்து போகும்போது தண்ணீர் குடிக்க இங்கே இறங்கினாராம். வால் போய் ரோதையில் மாட்டிக்கொண்டதாம். இழுக்கிறார், இழுக்கிறார், வரவில்லையாம். கடைசியில் ரோதமுனிதான் சக்கரத்தை நிறுத்தி வாலை எடுத்துவிட்டு, இனிமேல் மெஷின் கிட்ட வரும்போது பார்த்து வா என்று அதட்டினாராம். அனுமார் ஒரு சுருட்டு கொடுத்துவிட்டுப் போனாராம். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரியும் மாமா என்கிறாள்.


கண்டிச்சீமை (அன்று இரவு 7.00)

எட்டு வயதா?


நானுஓயா வேன் (அன்று இரவு 7.12)

தம்பி, அந்த வாலுக் கதையை நான் எடுத்துக்கொள்ளலாமா? சந்தியில் சிலை வந்ததும் எப்படியும் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.